மண்ணில் கிடக்கும் மறுபாதி

அமெச்சூர் ரேடியோ (ஹாம்) நண்பர் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் 5 மீட்டர் உயரத்துக்கு ஒரு வெர்டிகல் ஆன்டெனா நிறுத்தினார். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அந்த உயரம் போதாது என்பதால் அடியில் குறையை ஈடுகட்டும் கம்பிச் சுருளாக ஒரு லோடிங் காயில். பக்கத்திலேயே எலக்ட்ரீஷியனை வைத்துக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, செம்பு ராடு இறக்கி எர்த் போட்டார். கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பின்னல் அந்த ராடில் இறுக்கப்பட்டது. மீட்டரை மாட்டிப் பார்த்தால் எஸ்.டபிள்யூ.ஆர். (கேபிளும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எண்) 1க்கு 1, அதாவது முழுப் பொருத்தம். "எர்த் பக்காவா இருக்கு சார்" என்று எலக்ட்ரீஷியனும் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் எவ்வளவு கூப்பிட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை.

ரேடியல் போட்டுப் பாருங்கள் என்று நாங்கள் சொன்னோம். ஒவ்வொன்றும் 5 மீட்டராக 32 கம்பிகளை வெட்டி, ஆன்டெனாவின் அடியிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி விரித்துப் போட்டார். எஸ்.டபிள்யூ.ஆர். 3.3க்கு ஏறிவிட்டது. இருந்ததும் கெட்டுப்போச்சே என்று சாயங்காலமே எல்லாக் கம்பியையும் சுருட்டிக் கட்டிப் பரணில் போட்டுவிட்டார்.

அந்த ஆன்டெனா ஒழுங்காக வேலை செய்தது அந்த ஒரு நாள் பகலில் மட்டும்தான். இதைப் புரிந்துகொண்டால் ரேடியல் விஷயத்தில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

டைபோல் ஆன்டெனாவுக்கு இரண்டு கைகள். ஒரு கையில் ஓடும் மின்னோட்டத்துக்கு மறு கை ஈடு கொடுக்கும். நிலத்தில் நிற்கும் வெர்டிகலுக்கு ஒரு கைதான் கண்ணுக்குத் தெரிகிறது. கம்பத்திலிருந்து கிளம்பும் மின்புலக் கோடுகள் காற்றில் வளைந்து, சுற்றியுள்ள தரையில் வந்து இறங்குகின்றன. இறங்கிய இடத்திலிருந்து மின்னோட்டம் தரை வழியாகவே கம்பத்தின் அடிக்குத் திரும்பியாக வேண்டும். கம்பத்தின் அடியில் மேலே ஏறும் மின்னோட்டம் எவ்வளவோ அவ்வளவும் நாலா பக்கத்திலிருந்தும் மண் வழியாக அங்கே வந்து சேர்கிறது. மறுபாதி ஆன்டெனா மண்தான் என்று சொன்னால் அது உவமை இல்லை, அப்படியே உண்மை.

அந்த மறுபாதி எப்படிப்பட்ட கடத்தி? சாதாரண மண்ணின் கடத்துதிறன் மீட்டருக்கு 0.005 சீமென்ஸ் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். செம்புக்கு அது 5.8 கோடி. அதாவது மண் செம்பைவிட ஆயிரம் கோடி மடங்கு மட்டம். நல்ல கடத்தி என்று நாம் நினைக்கும் கடல் நீரே செம்பைவிட ஒரு கோடி மடங்கு மட்டம்தான். இந்த மண் வழியாக ஆம்பியர் கணக்கில் மின்னோட்டத்தைத் திருப்பி அழைத்தால், வழியெல்லாம் அது சூடாகச் செலவழியும். மண்ணில் புழு கூட உணராத அளவு சூடுதான். ஆனால் அது நம் டிரான்ஸ்மிட்டரிலிருந்து போன சக்தி.

நண்பரின் கணக்கை இப்போது பார்க்கலாம். 7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 42 மீட்டர் சொச்சம். 5 மீட்டர் கம்பத்தின் கதிர்வீச்சு மின்தடை சுமார் 5.5 ஓம். வானத்துக்குப் போகும் சக்தியெல்லாம் இந்த 5.5 ஓமில் 'செலவாகும்' சக்திதான். காயிலின் இழப்பு 4.5 ஓம் என்று வையுங்கள். எர்த் ராடு மட்டும் இருக்கும்போது மண்ணின் இழப்பு 40 ஓம். கூட்டினால் சரியாக 50. கேபிளும் 50 ஓம், ரிக்கும் (டிரான்ஸ்மிட்டர் கருவியும்) 50 ஓம். மீட்டர் எதற்காகக் குறை சொல்லும்? ஆனால் அந்த 50இல் பயனுள்ளது 5.5 மட்டுமே. 100 வாட் கொடுத்தால் 11 வாட் வானத்துக்கு, 9 வாட் காயிலுக்கு, 80 வாட் தோட்டத்து மண்ணுக்கு.

32 கம்பி விரித்ததும் மண்ணின் இழப்பு 5 ஓமுக்கு இறங்கியது. கூட்டினால் 15. 50ஐ 15ஆல் வகுத்தால் அந்த 3.3 வரும். 15இல் 5.5 என்றால் 100 வாட்டில் 37 வாட் வானத்துக்கு. ஐந்து டெசிபல் லாபம், அதாவது டிரான்ஸ்மிட்டர் சக்தியை மூன்று மடங்குக்கு மேல் கூட்டியதற்குச் சமம். மீட்டர் காட்டிய 'கேடு' அந்த லாபத்தின் நிழல். கெட்ட மண்ணும் குட்டை ஆன்டெனாவும் சேர்ந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். அழகாக இருக்கும். சக்தி முழுவதையும் சூடாக்கித் தீர்க்கும் டம்மி லோடுக்கும்தான் எஸ்.டபிள்யூ.ஆர். 1க்கு 1.

முழுக் கால் அலை (அலைநீளத்தில் கால்வாசி) உயரமுள்ள கம்பமாக, இந்த பேண்டுக்குப் பத்து மீட்டர் சொச்சமாக இருந்தால், நிலைமை இவ்வளவு மோசமாகாது. அதன் கதிர்வீச்சு மின்தடை 36 ஓம். மண் 14 ஓம் தின்றாலும் 72 சதவீதம் வெளியே போய்விடும். அங்கேயும் அதே பொறி உண்டு: 36ம் 14ம் சேர்ந்தால் 50. ரேடியல் கூடக் கூட எஸ்.டபிள்யூ.ஆர். 1இலிருந்து 1.4ஐ நோக்கி நகரும். ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டிய அபூர்வமான இடம் இது. கம்பம் குட்டையாக ஆக, மண்ணின் ஒவ்வொரு ஓமும் வலிக்கும். அதே 5 மீட்டர் கம்பத்தை 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு இழுத்தால் கதிர்வீச்சு மின்தடை ஒன்றரை ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே 5 ஓம் மண்ணிழப்பு என்பதே பெரிய தண்டச்செலவு.

எலக்ட்ரீஷியன் போட்ட எர்த் ஏன் உதவவில்லை? அவர் வேலையில் குறையில்லை. 50 ஹெர்ட்ஸ் கசிவுக்கும் இடிக்கும் அந்தக் குழி வேண்டியதுதான். அதைப் பிடுங்கிவிட வேண்டாம். ரேடியோ அலைவரிசையில் கதை வேறு. மின்னோட்டம் மண்ணுக்குள் ஆழமாகப் போவதில்லை. சாதாரண மண்ணில் 1 மெகாஹெர்ட்ஸுக்கு அதன் ஊடுருவல் 7 மீட்டர் அளவு. அதிர்வெண் கூடக் கூட இது குறையும். முக்கியமான விஷயம், அந்த மின்னோட்டம் ராடைத் தேடி மேலிருந்து கீழே வரவில்லை, பக்கவாட்டில் பல மீட்டர் தூரத்திலிருந்து வருகிறது. ராடை அடையும்போது மண்ணில் கொடுக்க வேண்டிய சுங்கத்தையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டது. ஊர் எல்லை வரை சேற்றில் நடக்கவிட்டு, வீட்டு வாசலில் மட்டும் சிமென்ட் போட்ட மாதிரி. ரேடியல் என்பது அந்தச் சேற்றில் போடும் பாதை. மின்னோட்டம் தரையில் இறங்கும் இடத்துக்கே போய் அதை வாங்கிக்கொண்டு செம்பு வழியாகக் கூட்டிவருகிறது.

எத்தனை கம்பி, எவ்வளவு நீளம்? இந்தக் கேள்விக்கு ஊகத்தில் இல்லாமல் அளந்து பதில் சொன்னவர்கள் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த மூன்று பொறியாளர்கள்: ஜார்ஜ் பிரௌன், லூயிஸ், எப்ஸ்டைன். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 1937 ஜூனில் ரேடியோ பொறியாளர் கழகத்தின் இதழில் வந்தது. 3 மெகாஹெர்ட்ஸில், கம்பத்தின் உயரத்தை மாற்றி மாற்றி, மண்ணுக்குள் 2, 15, 30, 60, 113 என்று ரேடியல்களைப் போட்டு, நீளத்தையும் மாற்றி, ஒவ்வொரு தடவையும் தூரத்தில் புல வலிமையை அளந்தார்கள். கணினி மாடல் இல்லாத காலத்தில் வயலில் செம்புக் கம்பியைப் புதைத்துப் புதைத்துச் செய்த வேலை. இன்றைக்கும் இந்தத் துறையில் யார் வாதம் செய்தாலும் அந்த வரைபடங்களுக்குப் போய்த்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

அவர்கள் கண்டதில் எனக்குப் பிடித்தது ஒன்று. கம்பிகள் குறைவாக இருந்தால் அவற்றை நீட்டிப் பயனில்லை. 15 கம்பி மட்டும் போட்டுவிட்டு நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்கு மேல் அளவீடு நகரவே இல்லை. 113 கம்பி இருந்தபோது நீளம் கூடக் கூடப் பலன் தெரிந்தது. காரணத்துக்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி ஒரு வட்டம் போட்டால் சுற்றளவு 63 மீட்டர். 4 கம்பி என்றால் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கு நடுவே கிட்டத்தட்ட 16 மீட்டர் வெறும் மண். 16 கம்பி என்றால் 4 மீட்டர். 120 என்றால் அரை மீட்டர் சொச்சம். 16 மீட்டர் இடைவெளியில் இறங்கும் மின்னோட்டம், கம்பி எங்கேயோ இருக்கிறதே என்று குறுக்கே நடந்து தேடிப் போகாது, மண்ணிலேயே வந்துவிடும். அங்கே கம்பி இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

ஆகவே கையில் 160 மீட்டர் கம்பிதான் இருக்கிறது என்றால் அதை 40 மீட்டராக நாலு துண்டு போடுவது வீண். 5 மீட்டராக 32 துண்டு போடுங்கள். மின்னோட்டம் அடர்த்தியாக இருப்பது கம்பத்தின் காலடியில்தான். குட்டைக் கம்பத்துக்குக் கம்பத்தின் உயரம் அளவு நீளம் இருந்தாலே பெரும்பகுதி இழப்பு மீண்டுவிடும்.

120 என்ற எண் இந்தப் பரம்பரையில்தான் நிலைத்தது. வட்டத்தை மூன்று மூன்று டிகிரியாக வெட்டினால் 120 வரும். அமெரிக்காவின் மீடியம் வேவ் நிலையங்களுக்குக் கால் அலை நீளத்தில் 120 ரேடியல் என்பதே அளவுகோலாகிவிட்டது. அது என்ன செலவு என்று நம் பக்கத்து நிலையம் ஒன்றை வைத்துக் கணக்கிடலாம். தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 285 மீட்டர். அதில் கால்வாசி 71. இந்த அளவுகோல்படி போட்டால் எட்டரை கிலோமீட்டர் செம்புக் கம்பி மண்ணுக்குள் போகும். கிலோவாட் கணக்கில் மின்கட்டணம் கட்டும் நிலையத்துக்கு அது லாபம்தான். 100 வாட் வைத்திருக்கும் அமெச்சூருக்கு அது அளவுக்கு மீறிய ஆடம்பரம். 4இலிருந்து 16க்குப் போகும்போது கிடைப்பது காதில் தெரியும். 16இலிருந்து 32 பரவாயில்லை. 32க்கு மேல் இரட்டிப்பாக்கினால் கிடைப்பது ஒரு டெசிபலுக்கும் குறைவு. வேலிக்குப் பின்னால் இன்னும் இடம் இருக்கிறதே என்று மனசு கேட்காதவர்களுக்கு மட்டும்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு நாட்டுவழி உண்டு. நாலு நாலு கம்பியாகச் சேர்த்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு தடவையும் ஆன்டெனா அடியில் அனலைசர் வைத்து மின்தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 50, 38, 29, 24 என்று இறங்கிவரும் எண் ஓரிடத்தில் சோம்பிப்போகும். அங்கே நிறுத்திக்கொள்ளலாம். நுணுக்கமாகப் பார்த்தால் அந்த எண் மண்ணிழப்பை மட்டும் காட்டுவதில்லை; ஆனால் தோட்டத்து வேலைக்கு இது போதும்.

கம்பி எப்படி இருக்க வேண்டும் என்பதில் நடக்கும் சண்டைகளில் பாதி தேவையில்லாதவை. பிளாஸ்டிக் உறை இருந்தாலும் ஒன்றுதான், உரித்தாலும் ஒன்றுதான். ஆழமாகப் புதைப்பதால் பலன் இல்லை, நஷ்டம்தான். மண்வெட்டியால் ஒரு கீறல் போட்டு, புல் மூடுகிற அளவுக்கு உள்ளே தள்ளினால் சரி. அலுமினியத்தை மண்ணில் போடாதீர்கள், இரண்டு மழைக்காலத்தில் தூளாகிவிடும். செம்பு என்றால் ராத்திரி பிடுங்கிக்கொண்டு போகிறவர்களை நினைத்தாவது கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடுவது நல்லது. நிஜமான தொல்லை கம்பத்தடியில்தான். 32 முனைகளும் ஒரு செம்புத் தகட்டிலோ வளையத்திலோ வந்து சேர வேண்டும். வெறும் முறுக்காக விட்டால் ஆறு மாதத்தில் பச்சை பூத்து, கம்பி இருந்தும் இல்லாத கணக்காகிவிடும். சுரண்டி, ஒவ்வொன்றையும் பற்றவைத்து, மேலே வார்னிஷ் பூசிவிடுங்கள். குந்தி உட்கார்ந்து செய்யும் இந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிப்பவர்கள் பிறகு அனலைசரைத் திட்டுவார்கள்.

மண்ணில் கிடக்கும் ரேடியலைச் சரியாகக் கால் அலைக்கு வெட்ட வேண்டும் என்று பலர் டேப்பும் கையுமாக நிற்பதுண்டு. அவசியமில்லை. மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் கம்பியில் அலை மெதுவாகப் போவதால் அதன் மின்நீளம் காற்றில் இருப்பதைவிட மிகவும் நீண்டுவிடும். அமெரிக்க அமெச்சூர் ரூடி செவெர்ன்ஸ் 2009 வாக்கில் 7 மெகாஹெர்ட்ஸில் வரிசையாக நடத்திய சோதனைகளில், தரைமேல் கிடந்த நாலு கம்பிகளைக் கால் அலையிலிருந்து குறைத்தபோது சிக்னல் கூடியது. கம்பி நீளமாக இருந்தபோது மின்னோட்டத்தின் உச்சம் கம்பத்தடியை விட்டுத் தள்ளிப்போய் மண்ணில் கூடுதலாகச் செலவழிந்திருக்கிறது. கம்பிகளின் எண்ணிக்கை கூடக் கூட இந்த விளையாட்டு அடங்கிவிடும்.

கம்பியைத் தரையிலிருந்து தூக்கினால் எல்லாம் தலைகீழ். ஆள் உயரத்துக்கு மேல், கால் அலை நீளத்தில், நாலு கம்பிகளை நாலு திசையில் கட்டினால், அது மண்ணில் கிடக்கும் பல டஜன் கம்பிகளின் வேலையைச் செய்கிறது. மின்னோட்டம் மண்ணுக்குள் இறங்காமல் கம்பியிலேயே திரும்புவதால் இது முடிகிறது. 1988இல் அமெரிக்க அமெச்சூர் ஆல் கிறிஸ்ட்மன் கணினி மாடலில் இதைக் காட்டியபோது, 120 கம்பியில் வளர்ந்தவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது. ஆனால் தூக்கிக் கட்டிய கம்பி ஆன்டெனாவின் கையேதான். நீளம் துல்லியமாக இருக்க வேண்டும், நாலும் ஒத்திருக்க வேண்டும், வெளிப்பின்னலின் மேல் மின்னோட்டம் ஓடாமல் தடுக்க கேபிளில் ஒரு சோக் வேண்டும். இல்லாவிட்டால் கோஆக்ஸின் வெளிப்பின்னலே ஐந்தாவது ரேடியலாகி வீட்டுக்குள் வரும். முனையில் மின்னழுத்தம் அதிகம், கை பட்டால் சுடும். நம் ஊரில் பெரும்பாலோர் வெர்டிகலை மொட்டை மாடியில்தான் நிறுத்துகிறோம். அங்கே போடுகிற கம்பிகளும் இந்த வகையில்தான் சேரும். மாடியிலும் தோட்டத்துச் சட்டம் என்று நினைத்துக் கண்டபடி வெட்டிப் போட்டால் ஏமாற்றம்தான். மேலே உயர்த்திய ஆன்டெனாவுக்கு எதிரெதிராக இரண்டு கம்பியே போதும் என்றுதான் பிரௌன் முதலில் செய்தார். இரண்டு கம்பி மட்டும் இருந்தால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வீசும் என்று வாங்குகிறவர் நம்பமாட்டார் என விற்பனைத் துறை சொல்ல, கண்ணுக்காக நாலு ஆனது என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு.

பரணிலிருந்து கம்பிகளை இறக்கி நண்பர் மறுபடி விரித்தார். 15 ஓமை 50ஆக்க, கம்பத்தடியில் கோஆக்ஸின் நடுக் கம்பிக்கும் ரேடியல் தகட்டுக்கும் குறுக்கே 4 சென்டிமீட்டர் குறுக்களவில் ஐந்து சுற்று காயில் ஒன்று போட்டு, லோடிங் காயிலில் கொஞ்சம் குறைத்தோம். எஸ்.டபிள்யூ.ஆர். பழையபடி இறங்கியது. இந்த முறை அது பொய் இல்லை. பதில்களும் வந்தன. உடனே அவர் கேட்டது: "64 போட்டா அமெரிக்கா வருமா?"

இங்கேதான் ரேடியலைப் பற்றிய இரண்டாவது பெரிய தவறான நம்பிக்கை. ரேடியல் மீட்டுத்தருவது கம்பத்தடியில் தொலையும் சக்தியை. வெளியே போன சக்தி எந்தக் கோணத்தில் எழும்பும் என்பதில் அதற்குப் பெரிய அதிகாரம் இல்லை. தூர தேசத்துக்கு வேண்டியது அடிவானத்தை ஒட்டிய 5, 10 டிகிரிக் கோணம். அந்தக் கோணத்தில் கம்பத்திலிருந்து நேராகப் போகும் அலையோடு, தரையில் பட்டுத் தெறித்த அலையும் சேர்ந்துதான் சிக்னல் உருவாகிறது. அந்தத் தெறிப்பு நடக்கும் இடம் கம்பத்திலிருந்து பல அலைநீளம் வரை நீள்கிறது. நண்பரின் 7 மெகாஹெர்ட்ஸில், அதாவது 40 மீட்டர் பேண்டில், பத்து அலைநீளம் என்றாலே 420 மீட்டர். நண்பரின் ரேடியல் 5 மீட்டரில் முடிந்துவிடுகிறது. மீதியெல்லாம் பக்கத்து வீடு, ரோடு, வயல்.

வெர்டிகல் வீசும், மின்புலம் செங்குத்தாக ஆடும் அலைக்குச் சாதாரண மண்ணில் 15 டிகிரி பக்கம் ஒரு கோணம் உண்டு. தெறிப்பு அங்கே மிகவும் மெலியும். அதற்குக் கீழே போகப் போக, தெறித்த அலை நேர் அலைக்கு எதிராகத் திரும்பி அதை அடித்துவிடும். அதனால்தான் பாடப் புத்தகத்தில் அடிவானத்தில் உச்சம் காட்டும் கால் அலை வெர்டிகல், நிஜ மண்ணில் 25 டிகிரியை ஒட்டி உச்சம் காட்டி, கீழே சரிந்துவிடுகிறது. மண்ணில் 120 கம்பி புதைத்தாலும் வளைவின் வடிவம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். முழு வளைவும் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். மண்ணில் உப்பு மூட்டை கொட்டிப் பார்த்தவர்களும் உண்டு. காலடியில் சில மீட்டருக்குக் கொட்டி என்ன செய்வது? அடுத்த மழையில் அதுவும் போய்விடும், துருவும் மரமும்தான் மிச்சம்.

கடல் நீரில் அந்தக் கோணம் 1 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அலையோரத்தில் நட்ட ஒரு சாதாரணக் கம்பம் கடல் பக்கமாக அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு வீசும். தீவுகளுக்கு ஆன்டெனா தூக்கிக்கொண்டு போகும் அமெச்சூர் குழுக்கள், உயரமான டவரில் பீம் (ஒரு திசையில் குவித்து வீசும் ஆன்டெனா) ஏற்றுவதை விட்டுவிட்டு, தண்ணீர் ஓரத்தில் வெர்டிகல் நடுவது இதற்காகத்தான். திசையும் தூரமும் கணக்கு: கடலுக்கு முதுகைக் காட்டினால் மண்ணின் சட்டம்தான், ஓரத்திலிருந்து ஓரிரு அலைநீளம் உள்ளே தள்ளி வந்தாலே லாபம் கரையத் தொடங்கும். தூத்துக்குடியின் 1053 பகலில் மன்னார் வளைகுடாவைத் தாண்டி இலங்கையில் தெளிவாகக் கேட்பதில் 200 கிலோவாட்டுக்கு உள்ள பங்கு போலவே, நடுவில் கிடக்கும் உப்புத் தண்ணீருக்கும் பங்கு உண்டு. அதே சக்தி தரைவழியாக அத்தனை தூரம் மேற்கே போனால் வழியில் மெலிந்துவிடும்.

நண்பரின் வீடு கடலிலிருந்து வெகு தூரம். 32 கம்பியோடு நிறுத்திக்கொண்டார். மிச்சமிருந்த கம்பிச் சுருளில் கம்பத்தை 5 மீட்டரிலிருந்து 8 மீட்டராக உயர்த்தினோம். உயரம் கூடியதில் கதிர்வீச்சு மின்தடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. லோடிங் காயிலையும் அந்த ஐந்து சுற்றுக் காயிலையும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது.